பாபிலோனியத் தல்மூதும் பாரசீகமும்: சில கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தல்மூது யூதர்களுடைய சமயச் சட்ட நூல். அதில் பாரசீகம் எப்படி வந்தது சார்?

அது உருவான இடத்தைப் பாருங்கள். பாபிலோனியத் தல்மூது இன்றைய ஈராக்கில், பாரசீக அரச வம்சமான சாசானியர் ஆட்சியில் (கி.பி. 224–651) வளர்ந்தது. ரவா என்ற பெரிய ரபி (யூத சமய ஆசான்) இருந்த மஹோசா, தலைநகர் டெசிஃபோனை ஒட்டிய ஊர். சாசானிய மன்னர் இரண்டாம் ஷாப்பூரின் தாய் 400 தினார் தர்மப் பணம் அனுப்பியதாக ஒரு கதை அதிலேயே வருகிறது. ரபி அம்மி வாங்க மறுத்துவிட்டார், ரவா வாங்கிக்கொண்டார், அரசோடு பகை வேண்டாமே என்று!

கேள்வி: பழக்கவழக்கத்தில் ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வெட்டிய நகம். பழைய பாரசீகச் சமயத்தைப் பின்பற்றும் பார்சிகளின் வேதமான அவெஸ்தாவில் வெந்திதாத் என்றொரு பகுதி, அதன் 17ஆம் அத்தியாயம் முழுக்க முடியையும் நகத்தையும் குழி தோண்டிப் புதைக்கிற முறைதான், அப்படியே விட்டால் நகம் பேய்களின் கையில் ஆயுதமாகிவிடுமாம். தல்மூதும் எரிப்பவன் பக்திமான், புதைப்பவன் நல்லவன், வீசி எறிபவன் கெட்டவன் என்கிறது, ஆனால் அங்கே காரணம் வேறு: கர்ப்பிணி அதைக் கடந்து போனால் கரு கலைந்துவிடும் என்ற பயம். பழக்கம் ஒன்றாக இருந்தும் காரணம் மாறுகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் நாம் நின்று படிக்க வேண்டும். காப்பியடித்தார்கள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்கு ஒப்பவே இல்லை.

கேள்வி: உயிர்த்தெழுதல், தேவதூதர்கள் எல்லாம் பாரசீகத்திலிருந்து எடுத்ததுதானே?

அவசரப்படாதீர்கள். சாசானியர் காலப் பாரசீகமான பஹ்லவி மொழியில் நமக்குக் கிடைக்கும் சமய நூல்களில் பெரும்பாலானவை இப்போதுள்ள வடிவம் பெற்றது 9ஆம் நூற்றாண்டு வாக்கில். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதை அவற்றை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. சொற்கள் இன்னும் உறுதியான சாட்சி. எபிரேயத்தில் தோப்பைக் குறிக்கும் பர்தேஸ், சட்டத்தைக் குறிக்கும் தாத், இரண்டும் ஈரானியச் சொற்கள். தமிழ் பைபிளில் வரும் பரதீசுக்கும் மூலம் பர்தேஸின் அதே ஈரானியச் சொல்தான், கிரேக்கம் வழியாக வந்தது.

கேள்வி: நீசான், திஷ்ரி போன்ற யூத மாதப் பெயர்கள்?

அவை பாபிலோனியப் பெயர்கள், பாரசீகம் இல்லை.

கேள்வி: இதைப் படிக்க என்னென்ன மொழி வேண்டும்?

எபிரேயம், அரமேயம், அப்புறம் பஹ்லவி. தல்மூது அறிஞர் யாக்கோவ் எல்மன் (1943–2018) பஹ்லவியும் படித்துத்தான் இந்தத் துறையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தார். எழுத்துதான் உயிரை வாங்கும், ஒரே எழுத்துக்குப் பல ஒலி. போதாததற்கு அரமேயச் சொல்லை எழுதிவிட்டுப் பாரசீகத்தில் வாசிப்பார்கள். ஏட்டில் ராஜாவுக்கான அரமேயச் சொல் 'மல்கா' என்றிருக்கும், வாய் பாரசீகத்தில் 'ஷா' என்று சொல்லும்.