மூன்றாவது முறை நீட்: போட்ட பணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

சார், பையனை மூன்றாவது முறை நீட் எழுத வைக்க நிலப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டு, 'ரெண்டு வருஷமும் மூணு லட்சமும் போட்டாச்சு, இப்போ விட்டால் எல்லாம் வீண்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது போனது போனதுதான். பையன் மறுபடி எழுதினாலும் திரும்பாது, எழுதாவிட்டாலும் திரும்பாது, அப்புறம் அதை வைத்து அடுத்த வருடத்தை எப்படி முடிவு செய்வது?

பார்க்க வேண்டியது மார்க்கை. 720க்கு முதல் முறை 388, இந்த முறை 405. நீங்கள் அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாள்களில் உயிரியல் நன்றாகவே இருக்கிறது. இயற்பியலில் 45 கேள்விகளில் பாதிக்கு மேல் தொடவே இல்லை, தொட்டதிலும் தப்பானதற்கெல்லாம் ஒவ்வொரு மார்க் கழிந்திருக்கிறது. அதே கோச்சிங், அதே ஹாஸ்டல், அதே நோட்ஸ் என்று இன்னொரு வருடம் ஓட்டினால் மட்டும் 150 மார்க் கூடிவிடும் என்பதற்கு உங்களிடம் இருப்பது ஆசைதான், ஆதாரம் இல்லை.

சரி, கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக நிலப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்பது தனிக் கேள்வி, என் பதில் வேண்டாம் என்பதுதான். நீட்டுக்கு மேல் வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். இரண்டுக்கும் நம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங் நடக்கிறது. சேர்ந்துவிட்டு, விருப்பமிருந்தால் அடுத்த நீட்டையும் எழுதட்டும். முதல் வருட நர்சிங்கில் மூச்சுவிட நேரம் இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

'அவன் போனையே நோண்டிக்கொண்டிருந்தான், அதான் இப்படி' என்கிறீர்கள். நீங்கள் பார்த்தது ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த நாட்களில் மட்டும். யாரோ ஒரு கடைக்காரரைப் பற்றி இப்படி ஏதாவது நினைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பெற்ற பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்ட இதைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். இயற்பியல் புரியவில்லை என்று சொல்லப் பயந்திருக்கலாம். கேட்டீர்களா?

அப்புறம் உங்கள் மகள் பாப்பா. பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 187, ஆனால் கடிதத்தில் அவளுக்கு ஒரே வரி: 'பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜ் போதும்.' ஏன் போதும்? அண்ணனுக்குப் பணம் வேண்டும் என்பதாலா? அப்படியானால் அதை அவளிடம் நேராகச் சொல்லிப் பாருங்கள், சொல்ல வாய் வருகிறதா என்று. பொறியியலுக்கு விண்ணப்பித்துவிட்டாள் என்கிறீர்கள், நல்லது. தரவரிசை வந்ததும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு, அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் பதிவதற்கு, நீங்களும் கூட உட்காருங்கள். நர்சிங் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பையனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.