பழைய போர்ஷே 911-இன் உயரம்: கேள்வி பதில்

கேள்வி: என் 1974ஆம் ஆண்டு வண்டியின் பின் இடப்பக்கம் 10 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக முறுகி வேலைசெய்யும் எஃகுத் தண்டை) ஒரு பல் திருப்பினால் அளவு மிகையாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: ஒரு முனையை மட்டும் நகர்த்துவதால் வரும் சிக்கல் இது. பாரின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் இருப்பதால், உள்ளே ஒரு பல் 9 பாகையும் வெளியே ஒரு பல் ஏறத்தாழ 8.2 பாகையும் ஆகும். உள்முனையை ஒரு பல் ஒரு திசையிலும், ஸ்பிரிங் பிளேட்டை (பாரின் வெளிமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தகட்டை) ஒரு பல் எதிர்த்திசையிலும் நகர்த்தினால் நிகர மாற்றம் 0.8 பாகைதான், சக்கரத்தில் அது சில மில்லிமீட்டராகவே தெரியும். இவ்வளவு நேர்த்தியாக யோசித்து அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் பாரைத் தொடுமுன் முன் வலப்பக்கத்தை அளந்து பாருங்கள். அது அதிகம் உயர்த்தப்பட்டிருந்தால், எதிர்மூலையான பின் இடப்பக்கம் கூடுதல் எடையைத் தாங்கித் தாழும். முன்புறத்தைச் சரிசெய்ய ஒரு திருகு போதும். பின்பாரைக் கழற்றியே ஆகவேண்டுமென்றால், இடப் பாரையும் வலப் பாரையும் மாற்றிப் போடாதீர்கள். ஸ்பிரிங் பிளேட் தடையின்மேல் கடும் இறுக்கத்துடன் நிற்கும் என்பதையும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக்கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: எத்தனை மி.மீ. தாழ்த்தலாம்?

பதில்: தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அளவிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தாழ்த்தினால் வளைவில் சாய்வு குறையும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: எடைமையம் இறங்குவது உண்மை. ஆனால் முன்புற ஸ்ட்ரட் அமைப்பில் கீழ்க்கைகள் சரியச் சரிய, உருள்மையம் (வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதைவிட வேகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் முன்புறம் கூடுதலாகச் சாயவே முற்படும்.

கேள்வி: பந்தய வண்டிகள் தரையை ஒட்டித்தானே ஓடுகின்றன?

பதில்: அவற்றில் ஸ்பிரிங் கடினமானது, ஸ்டீயரிங் இணைப்புகளின் உயரமும் மாற்றப்பட்டிருக்கும். அவற்றை மாற்றாமல் உயரத்தை மட்டும் குறைத்தால், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும். தடை ரப்பரும் சீக்கிரம் இடிக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: 40 மி.மீ. தாழ்த்தலாமா?

பதில்: இதற்கு மேலே இருமுறை பதில் சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கேள்வி: என் வண்டியில் காற்று சஸ்பென்ஷன் இருக்கிறது.

பதில்: அது என் துறையன்று, அதைப் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு அளவு வருகிறதே?

பதில்: ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கிறீர்கள். டயர்கள் உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதால் வண்டி உயர்ந்தே காட்டும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, சமதளத்தில், சரியான டயர் அழுத்தத்துடன், ஒவ்வொரு முறையும் டேங்கில் ஒரே அளவு எரிபொருளுடன் அளங்கள். உயரம் நிலைத்தபின் கேம்பரையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவையும் (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி சரிபாருங்கள்; உயரம் மாறினால் அவையும் மாறியிருக்கும்.