தவில் மெலிகிறது, டிரம்ஸ் இரட்டிக்கிறது

கும்பகோணம் மண்டபத்தில் எடுத்த உங்கள் ராக் கச்சேரிப் பதிவில் தவில் மெலிந்து, டிரம்ஸ் இரட்டையாகக் கேட்கிறது என்றீர்கள். எனக்குச் சந்தேகம் தவிலின் இரண்டு மைக் மேல்தான். வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரல்கூடு, தொப்பியில் (இடப்பக்கத் தோல்) குச்சி; எதிரெதிரே மைக் வைத்தால் ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்றுவிடும். ஒரு மைக்கின் டிராக்கில் மட்டும் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழை, திருப்பிப் பாருங்கள், தொப்பியின் 'தொம்' திரும்பி வரும்.

அப்புறம் அந்த இரட்டைச் சத்தம். பந்தி வாசலில், 17 மீட்டர் தள்ளி ரெக்கார்டர் வைத்திருந்தீர்களே! ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும்; அங்கே 50 மில்லிசெகண்ட் தாமதம். அந்த டிராக்கை அவ்வளவு முன்னால் இழுத்து ஸ்னேர் (டிரம்ஸில் 'சட்' என்று ஒலிக்கும் முரசு) அடியோடு பொருத்துங்கள். ரிவெர்ப் (எதிரொலி முழக்கம்) சேர்க்க வேண்டாம், டைல்ஸ் மண்டபம் ஏற்கெனவே தாராளமாகத் தந்திருக்கும்.

கிட்டாரை வீட்டில் மறுபடி வாசித்து ஒட்டுவதா? லைவ் என்று போடுவதானால் எனக்கு உடன்பாடில்லை.