சாளையும் மத்தியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடமே உள்ளது. மூன்று அலமாரிகளில் ஏறத்தாழ 1,200 நூல்கள் இருக்கின்றன. முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து பத்து டேப்லெட்டுகளும் இணைய இணைப்பும் வாங்கித்தர முன்வந்துள்ளனர். அலமாரிகளை அப்புறப்படுத்திவிட்டு அறை முழுவதையும் டிஜிட்டல் நூலகமாக மாற்ற வேண்டும் என்பது அவர்களது விருப்பம். பிள்ளைகளோ எதைக் கேட்டாலும் செல்பேசியில் தேடி, முதலில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். இவர்களுக்கு இனி அலமாரி எதற்கு என்று சில நேரம் எனக்கே தோன்றுகிறது. ஆனால் அந்த நூல்களைக் கட்டி மூலையில் போடவும் மனம் வரவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

டேப்லெட்டுகளை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரிகளை மட்டும் அந்த அறையிலிருந்து எடுக்க விடாதீர்கள். பழைய நூல்கள் மீதுள்ள பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் முதலில் வருவதை எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்தக் குறைக்கான மருந்து, கணினி வருவதற்கு முன்பே நூலகர்கள் கற்று வைத்திருந்த ஒரு கலையில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் அப்பாவின் மகன், சில வருடங்களில் சாளை ஏன் கரைப்பக்கமே வருவதில்லை என்று தெரிந்துகொள்ள விரும்பினான். பள்ளியின் கணினியில் ‘சாளை’ என்று தட்டினான். அவனுக்கு வேண்டியது வரவில்லை. அருகில் நின்ற ஆசிரியர், பிற ஊர்களில் அதற்கு மத்தி என்று பெயர் என்றார். ‘மத்தி’ என்று தட்டினான், நடு என்ற பொருள்தான் வந்து நின்றது. ‘மத்தி மீன்’ என்று தட்டிய பிறகே அவன் தினமும் பார்க்கும் மீனின் படம் திரையில் வந்தது. அதன் அறிவியல் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு அதை வைத்துத் தேடியபோது, கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளும், எல் நினோ என்ற வானிலை நிகழ்வால் கடல்நீர் சூடாகும் காலங்களில் மத்தி வரத்து குறையும் செய்தியும் கிடைத்தன. அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா சொன்ன பேச்சுக்கு உலகத்தில் வேறொரு பெயரில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அவன் அந்தக் கணத்தில்தான் அறிந்தான்.

அந்த ஆசிரியர் செய்தது ஒரு நூலகரின் வேலை. பழைய நூலகங்களில் சிறு இழுப்பறைகளுக்குள் அட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பொருளுக்குப் பல பெயர் இருந்தால், ஓர் அட்டையில் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் ‘காண்க’ என்று போட்டு, நூல்கள் எந்தப் பெயரின் கீழ் இருக்கின்றனவோ அதைக் குறித்திருப்பார்கள். ‘சாளை, காண்க: மத்தி’ என்ற ஓர் அட்டை போதும், பையன் வழி தவறியிருக்க மாட்டான். தேடுபொறி பல நேரங்களில் இதைச் செய்கிறது என்றாலும், நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களுக்கு அது அடிக்கடி கைவிரித்துவிடுகிறது. நாம் சக்கை என்கிறோம், பிற மாவட்டத்தார் பலா என்கிறார்கள். மரச்சீனி நமக்கு, மரவள்ளி அவர்களுக்கு. நம் ஊர்ச் சொல்லில் தேடி எதுவும் கிடைக்காத பிள்ளை, தன் கேள்வியே தவறு என்று எண்ணிவிடும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் வெளிவந்த தம் ஐந்து நூலகவியல் விதிகளில் முதலாவதாக நூல்கள் பயன்படுத்துவதற்கே என்றும், நான்காவதாக வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்றும், ஐந்தாவதாக நூலகம் வளரும் உயிர் என்றும் சொன்னார். டேப்லெட்டை அந்த ஐந்தாம் விதியின்படியே நான் வரவேற்கிறேன். ஆனால் முதல் விதியையே நம் பள்ளிகள் பலவற்றில் நாம் இன்னும் நிறைவேற்றவில்லை. ஒரு நூல் தொலைந்தால் தணிக்கையில் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில் அலமாரி பூட்டியே கிடக்கிறது. நூலகப் பாடவேளை, பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. பூட்டிய அலமாரி இருந்த இடத்தில் பூட்டிய டேப்லெட் பெட்டி வந்தால் பிள்ளைகளுக்கு என்ன மாற்றம்? முன்னாள் மாணவர்களிடம் பேசும்போது, கருவிகளோடு சேர்த்து, வாரத்துக்கு ஒரு பாடவேளையை எவரும் எடுத்துக்கொள்ளாமல் காக்கும்படி தலைமையாசிரியரிடம் அவர்களையே பேசச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பாடவேளைதான் பத்து டேப்லெட்டுகளையும்விடப் பெரிய நன்கொடை.

அந்தப் பாடவேளையில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவரட்டும். ஓர் அட்டையின் மேலே வீட்டுச் சொல், அதன் கீழே பிற ஊர்ப் பெயர்கள், அறிவியல் பெயர் இருந்தால் அதுவும், பிறகு நம் அலமாரியில் அதைப் பற்றிப் பேசும் நூல் எது, எந்தப் பக்கம், இணையத்தில் எந்தத் தளம், யார் எழுதியது, எந்த ஆண்டு என்று எழுதட்டும். நூலும் தளமும் இரு வேறு செய்தி சொன்னால் இரண்டையும் குறித்துவைக்கட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் விடையையும் இதே அட்டையில் நிறுத்திப் பாருங்கள். எங்கிருந்து எடுத்தது என்ற வரியை நிரப்ப முடியாமல் பிள்ளை திணறும்போது, நாம் ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னாலும் விளங்காதது தானாகவே விளங்கிவிடும். அலமாரி அருகிலேயே இருந்தால்தான் இந்த ஒப்பீடு நடக்கும். என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

டேப்லெட்டில் என்ன வைப்பது என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தந்துவரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஆகிய மூன்றும் போதிய தொடக்கம். மழைக்காலத்தில் நம் மலையோரப் பகுதிகளில் இணைப்பு அற்றுப்போவது புதிதல்ல என்பதால், விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியை முன்கூட்டியே நிறுவிக்கொள்ளுங்கள். பார்வை மங்கிய பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தருவதும், படிக்கத் திணறும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதும் அச்சு நூலால் ஆகாதவை. அதற்கென்றே இரண்டு டேப்லெட்டுகளை ஒதுக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் திருட்டு மின்னூல்களை மட்டும் ஏற்றாதீர்கள். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் நூலகமே நல்ல இடம்.

1,200 நூல்களில் கிழிந்தவையும் காலாவதியான போட்டித்தேர்வுக் கையேடுகளும் இருக்கும். அவற்றை முறைப்படி கழித்துவிட்டால் டேப்லெட்டுகளை வைக்கும் மேசைக்கு வேண்டிய இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 நம் நாட்டில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்குள் அறை தயாராகிவிட்டால் எனக்கு எழுதுங்கள், வந்து ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டை எழுதுகிறேன். அவர்கள் வீட்டுச் சொற்களில் எனக்குத் தெரியாதவை நிறைய இருக்கும், அவற்றைக் கேட்க வேண்டும்.

அன்புடன்.