பெத்தகான ஈரநிலப் பூங்காவின் கதை என்ன? கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் தமிழர்களான எங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு நிறையவே இருக்கிறது, பழைய கதையில் இருந்தே. 14ஆம் நூற்றாண்டில் சிங்கள அரசின் அமைச்சர் அழகேஸ்வரர் கொழும்புக்கு அருகே உள்ள கோட்டேயில் கோட்டை கட்டியதே யாழ்ப்பாணத்து அரசரான ஆரியச்சக்கரவர்த்தியின் படைக்குப் பயந்துதான். சுற்றியிருந்த தியவன்னா சதுப்பு அவருக்குச் செலவில்லாத அகழி. பிறகு 1450இல் அதே கோட்டேயில் இருந்து இளவரசன் செண்பகப் பெருமாள் போய் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். அந்தச் சதுப்பின் ஒரு துண்டுதான் இன்றைய பூங்கா.

1985இலேயே அந்தப் பக்கம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பை விட ஒரு வெள்ளம்தான் ஆட்களை யோசிக்க வைத்தது என்பேன். 2010 நவம்பரில், தியவன்னா நடுவே இருக்கும் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. மழைநீர் தங்கும் பள்ளக்காணிகளை மண் போட்டு நிரப்பினால் அது வேறு எங்கே போகும்? 2012இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய வெள்ளத் தடுப்புத் திட்டத்தில்தான் இந்தப் பூங்காவும் அமைந்தது. பலகை நடைபாதையும் பறவை பார்க்கும் கூடாரமும் மேலே தெரிபவை. உண்மையில் அது ஒரு மழைநீர்த் தொட்டி.

அங்கே தேங்கும் தண்ணீர் மெதுவாக வடிந்து, கோட்டே, கிருலப்பனைக் கால்வாய்கள் வழியாக வந்து, ஒரு பகுதி வெள்ளவத்தையில் கடலில் விழுகிறது. காலி வீதிப் பாலத்தில் நின்று நாம் மூக்கைப் பொத்துவது அந்தக் கால்வாய்க்குத்தான்! ஆகவே பூங்காவைப் பராமரிப்பது கோட்டே ஆட்களின் வேலை மட்டுமல்ல. கடைப் பின்பக்கத்துக் கழிவுக் குழாயைக் கால்வாய்க்குள் விடாமல் இருப்பதும் அதில் சேர்த்தி.

மரம் நடும் விழாக்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சதுப்பில் மரம் கூடினால் அது சதுப்பாக இருக்காது. அன்னமுன்னாவுக்கு ஒட்டுக்கட்டக் கொண்டுவந்த வெல் ஆத்தா மரம் ஏற்கெனவே புல்வெளிகளை மூடிவருகிறது. அதை வெட்டி அகற்றுவதுதான் தேவையான வேலை. படம் எடுக்க அழகாக இராது, அதனால் ஆள் வருவதும் குறைவு.

2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்று உலகில் முதலில் பெயர் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனையும் இங்கே இன்னும் வாழ்கிறது. பகலில் அதைக் காண்பது அரிது, கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) நிச்சயம். விடியவே போங்கள், வெயில் ஏறினால் நிழல் போதாது. பிள்ளைகள் கபரகொய்யாவுக்கு பிஸ்கட் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.