மூட்டு ஊசி: விலை கூடினால் பலனும் கூடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாத்திரையும் தைலமும் போதவில்லை. ஊசி போடலாம் என்ற மருத்துவமனை மூன்று வகை சொன்னது: ஸ்டீராய்டு, ஜெல், பி.ஆர்.பி. விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. பி.ஆர்.பி. மூன்று ஊசி கொண்ட பேக்கேஜாம், முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். விலை வரிசை வேறு, பலன் வரிசை வேறு.

ஸ்டீராய்டு ஊசி மூட்டுக்குள் இருக்கும் அழற்சியைத் தணிக்கும். சில நாட்களில் வலி இறங்கும், ஆனால் அந்த நிம்மதி பெரும்பாலும் சில வாரங்கள்தான். முழங்கால் வீங்கி, நடக்கவும் தூங்கவும் முடியாமல் போகும்போது இது உண்மையிலேயே உதவும். வாடிக்கையாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 140 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் இரண்டு ஆண்டுகள் போட்டார்கள். முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் மெத்தை போன்ற பகுதி, கூடுதலாகத் தேய்ந்திருந்தது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை யோசனை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஊசி போட்டால் கிருமித்தொற்று அபாயம் கூடும்.

ஜெல் என்பது ஹையலூரோனிக் அமிலம். நம் மூட்டு நீரில் இயல்பாகவே இருப்பது. தேய்ந்த மூட்டில் அது குறைகிறது, வெளியிலிருந்து நிரப்பினால் என்ன என்பதுதான் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உப்புநீர் ஊசியைவிட வலி கொஞ்சம் குறைந்தது, நோயாளி உணரும் அளவுக்குக் குறையவில்லை என்று தெரிந்தது.

பி.ஆர்.பி.யில் அம்மாவின் இரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டில் செலுத்துவார்கள். சில சிறிய ஆய்வுகள் இதற்குச் சாதகமாக இருக்கின்றன. ஆனால் 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம், உங்களுக்குச் சொன்னது போலவே மூன்று ஊசி போட்டு ஓராண்டு கவனித்தார்கள். வலியிலும் குருத்தெலும்பிலும் உப்புநீரைவிட மேலான பலன் தெரியவில்லை. தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுவதால், ஓரிடத்தில் கிடைக்கும் பி.ஆர்.பி.யும் இன்னோரிடத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல.

"எங்களுக்குத் தெரிந்தவருக்கு நன்றாகக் கேட்டதே" என்று தோன்றும். அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஆய்வுகளில் உப்புநீர் போட்டுக்கொண்டவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்தது! மூட்டு வலி தானாக ஏறி இறங்கும். நாம் ஊசிக்குப் போவதோ அது உச்சத்தில் இருக்கும்போது. அப்புறம், சிகிச்சை எடுத்துக்கொண்டோம் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். அதனால் "எத்தனை பேருக்குக் குணமாச்சு?" என்று கேட்பதைவிட, "எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள்.

எந்த ஊசியானாலும் மருந்தின் பெயர், எத்தனை டோஸ், ஸ்கேனும் மருத்துவர் கட்டணமும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். முதல் ஊசியோடு நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்பதும் அதில் இருக்கட்டும்.

என் கருத்து கேட்டால், முதல் செலவு பிசியோதெரபிக்கு. 2020-இல் 156 பேரிடம் அதையும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் முன்னே இருந்தது பிசியோதெரபிதான். நல்ல பயிற்சியாளர் தொடைத் தசையை வலுப்படுத்தச் சொல்லித்தருவார். பயிற்சியே செய்ய முடியாத அளவுக்கு வலி இருந்தால், அதைத் தொடங்குவதற்காக ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது நியாயமான செலவு.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசியில் குருத்தெலும்பு மறுபடி வளரும் என்று விளம்பரம் வருகிறதே, நம்பலாமா?

பதில்: வேண்டாம். தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளர்த்துவிடும் என்று நிரூபிக்கப்பட்ட ஊசி இன்று எதுவும் இல்லை. 2023-இல் மூன்று வகை செல் ஊசிகளை ஸ்டீராய்டோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் ஒன்றுகூட அதை மிஞ்சவில்லை. இதற்காகக் கடன் வாங்குவதையோ நகையை அடகு வைப்பதையோ நினைத்தாலே மனம் பதறுகிறது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

பதில்: பலருக்குப் போடுகிறார்கள். ஆனால் ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, அந்த வாரம் வீட்டில் அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.