ஆக்ஸில் ஐபாட் போட்டால் இரைச்சல் வருகிறது, செட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். அதோடு வந்த கம்பெனி செட்டில் ரேடியோவும் சிடியும் உண்டு, முன்பக்கம், வெளியிலிருந்து பாட்டுக் கருவியைக் கேபிளில் இணைக்கும் ஒரு ஆக்ஸ் துளையும் இருக்கிறது. யூஎஸ்பி, புளூடூத் இல்லை. என்னுடைய 160 ஜிபி ஐபாட் கிளாசிக்கை எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வழியாகக் கேட்டால் சென்னைக்குள் வேறு ஸ்டேஷன்கள் குறுக்கே வருகின்றன. ஆக்ஸ் கேபிளில் போட்டாலோ ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஏறுகிறது. கடைக்காரர் செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். செட்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஐபாடின் சார்ஜரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் காரணம் கிரவுண்ட் லூப்தான்.

சார்ஜர் வழியாக ஐபாடுக்கு ஒரு எர்த் கிடைக்கிறது, ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னொன்று. இரண்டும் வண்டியின் பாடியில் வெவ்வேறு இடங்களில் போய்ச் சேர்வதால், நடுவே மிகச் சிறிய மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழன்று வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அலைவு அந்த வழியாகப் பாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. எஞ்சின் வேகத்தோடு சத்தமும் ஏறுவது இதனால்தான்.

இதற்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள். 3.5 மி.மீ. பின் உள்ளதாகப் பார்த்து வாங்கி, ஐபாடுக்கும் ஆக்ஸுக்கும் நடுவே மாட்டுங்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள், கரண்ட் தேவையில்லை. மட்டமான டப்பாக்களில் பேஸ் கொஞ்சம் குறையும், அதனால் இதில் மட்டும் விலையைப் பார்க்காதீர்கள். வாங்க மனமில்லையா, சார்ஜ் போடாமல் கேளுங்கள். 2009இல் வந்த 160 ஜிபி மாடலுக்கு, புதிதில் 36 மணி நேரம் வரை பாடும் என்று ஆப்பிள் சொன்னது. பேட்டரி கிழடாகியிருந்தாலும் ஊருக்குள் ஓட்டுவதற்குத் தாங்கலாம். சார்ஜரை உருவிய பிறகும் இரைச்சல் இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செட்டின் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேபிள் வாங்கும்போது பின்னில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளதையே கேளுங்கள். மூன்று வளையம் இருந்தால் அது மைக்கோடு சேர்ந்த ஹெட்செட்டுக்கானது. சில செட்டில் அதன் எர்த் சரியாகப் படாது. அப்போது இசை கேட்கும், பாடுபவரின் குரல் மட்டும் மங்கிவிடும். இடது, வலது இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் அடிபட்டுப் போய், வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்கு வருவதால் இப்படி ஆகிறது. நிறையப் பேர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் நல்ல ஒலி வேண்டுமென்றால் ஹெட்ஃபோன் துளையை விட்டுவிட்டு, ஐபாடின் அடியில் உள்ள 30 பின் கனெக்டரிலிருந்து லைன் அவுட் எடுக்கும் கேபிளைத் தேடிப் பிடியுங்கள். அதில் ஐபாடின் வால்யூம் வேலை செய்யாது, ஒரே அளவில் சுத்தமாக வரும், கூட்டுவதும் குறைப்பதும் செட்டில். என் தேர்வு இதுதான். ஹெட்ஃபோன் துளையிலேயே எடுப்பதாக இருந்தால் ஐபாடின் வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்து, ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள்.

டிரான்ஸ்மிட்டரை இனி மறந்துவிடலாம். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று ஸ்டேஷன்கள் நெருக்கியடிக்கின்றன. அந்தக் குட்டி டிரான்ஸ்மிட்டரால் அவற்றோடு போட்டி போட முடியாது. காலியான அலைவரிசை கிடைத்தாலும் எஃப்.எம்.மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வராது.

செட்டைக் கழற்ற ஒத்துக்கொள்ளுமுன் இன்னொன்று. பல கம்பெனி செட்டுகள் மின் இணைப்பு அறுந்ததும் பாதுகாப்புக்கான ரகசிய எண்ணைக் கேட்கும். பழைய உரிமையாளரிடமிருந்து அந்த எண் கிடைக்காவிட்டால் திரும்ப மாட்டுவதும் சிரமம்.

அப்புறம், வெயிலில் வண்டியை நிறுத்தும்போது ஐபாடைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிக்கு மேல் அதை வைக்கக் கூடாது. மூடிய கார் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும், பேட்டரி உப்பிவிடலாம்.